எலின்ட் என்ற சொல்லும் எங்கள் எலி ரூமும்

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். யாரிடமோ என் நம்பரை வாங்கியிருக்கிறாள்.

"பத்மாக்காவா? எலின்ட்னா இன்னாக்கா? எங்களுக்கு டி-ஷர்ட் குடுத்துக்கீறாங்க, முதுகுல பெருசா எலின்ட்னு போட்டுக்கீது. வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுல ஒரு பெரியவர் எலி மருந்து கம்பெனியாம்மான்னு கேட்டாரு. இன்னா சொல்றதுன்னு தெரியாம ஆமான்னுட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. அந்தச் சொல்லோடு நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. ஒரு சொல்லை வைத்து ஒரு பெண்ணின் பிழைப்பையே பறிக்கப் பார்த்த கதை அது. போனில் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன்.

என் படிப்பு காஞ்சிபுரம் ஐ.டி.ஐ. அதன் பிறகு கிண்டியில் பல வருஷம் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஈயப் புகை எல்லோர் கண்ணிலும் ஒரே மாதிரிதான் ஏறும். கம்பெனி ஒரகடத்துக்கு இடம் மாறியபோது நானும் கூடவே வந்தேன், டெஸ்டிங் பிரிவுக்கு. அங்கேதான் அந்தச் சொல் என் வாழ்க்கைக்குள் வந்தது.

நாங்கள் செய்தது கப்பலில் வைக்கிற ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு வாய் கிடையாது, காது மட்டும்தான். சுற்று வட்டாரத்தில் எங்கேயாவது ஒரு ராடார் ஓடினால், அதன் அலையை இந்தப் பெட்டி பிடித்துவிடும். எந்தத் திசை, எந்த அலைவரிசை, விட்டு விட்டு அடிக்கிறதா, ஒரே இழுப்பாக இழுக்கிறதா, இவ்வளவும் சொல்லும். அதை வைத்து அது மீன்பிடிப் படகின் ராடாரா, பீரங்கியைக் குறிபார்க்கிற ராடாரா என்று கண்டுபிடிப்பார்கள். இந்த வேலைக்கு ராணுவத்தில் வைத்த பேர்தான் எலின்ட். எலக்ட்ரானிக் இன்டெலிஜென்ஸ் என்பதன் சுருக்கம். தமிழில் மின்னணு உளவு என்று சொல்லலாம்.

அந்தப் பெட்டியைச் சோதிக்க ஒரு தனி அறை இருந்தது. சுவர், தரை, கூரை எல்லாம் இரும்புத் தகடு. கதவைச் சுற்றிச் செம்புப் பட்டை. கதவை மூடினால் வெளியிலிருந்து ஒரு அலை உள்ளே வராது. உங்கள் செல்போன் செத்த மாதிரி கிடக்கும். வாசலில் எலின்ட் ரூம் என்று பலகை மாட்டினார்கள். ஒரே வாரத்தில் பெட்டி பூட்டுகிற லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் அதை எலி ரூம் ஆக்கிவிட்டார்கள். யார் நாக்குதான் அந்த 'ன்ட்'டுக்கு வளையும்?

அந்தப் பேரின் பலனும் சீக்கிரமே வந்தது. ஒரு நாள் கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் பண்ணினார். "மேடம், எலி ரூமுக்கு ஆள் வந்துக்கீறாரு." யாரோ கம்ப்யூட்டரில் 'எலி ரூம், உடனே கவனிக்கவும்' என்று ஏர் கண்டிஷனர் ரிப்பேருக்குப் புகார் போட்டிருக்கிறார்கள். நிர்வாகம் பூச்சி மருந்து கம்பெனியைக் கூப்பிட்டுவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அறையின் நாலு மூலையிலும் அந்த மனிதர் பசை அட்டை வைத்து, நடுவில் ஒரு மசால் வடையும் வைத்துவிட்டார்.

என் மேலதிகாரி செல்வின் சார் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கப்பல்படையில் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். வடையைப் பார்த்தார், பசை அட்டையைப் பார்த்தார், மருந்துக்காரரைப் பார்த்தார். "இந்த ரூம்ல அலையே நுழையாதுய்யா. எலி எப்படி நுழையும்?" என்றார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அந்த வடையை மட்டும் எடுத்து வெளியே வைக்கச் சொன்னார்.

செல்வின் சார் அப்படித்தான். தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். காலையில் வந்ததும் வாட்ச்சைக் கழற்றி வெளியே டப்பாவில் வைப்பார். செம்புப் பட்டையை ஸ்பிரிட் தொட்ட துணியால் தானே துடைப்பார், வேறு யாரையும் துடைக்க விடமாட்டார். கதவை மூடி, கைப்பிடியை இழுத்து, அதன் மேலேயே கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அதன் பிறகு பெட்டியை உள்ளே கொண்டுபோகாமல், வெறும் அறையை முதலில் கேட்பார். "காலி ரூம் என்ன சொல்லுதுன்னு தெரியாம, சாமான் வச்ச பொறவு என்னத்தைக் கேப்ப?" என்பார். வெறும் அறையில் ஒன்றுமே கேட்கவில்லை என்று உறுதியானால்தான் வேலை ஆரம்பிக்கும். அதற்குள் எங்களுக்கு ஒரு டீ இடைவேளையே வந்துவிடும்.

எலின்ட் என்றால் என்ன என்று நானும் அவரிடம் ஒரு நாள் கேட்டேன். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் காது கிழிகிற ஹாரன் சத்தம்.

"கண்ணை மூடு. ஹாரன் கேக்குதுல்லா? எந்தப் பக்கமிருந்து வருது, லாரியா பஸ்ஸா, எத்தனை தடவை அடிக்கான், கிட்ட வாரானா தூரப் போறானா, எல்லாம் சொல்லிரலாம். ஆனா அந்த பஸ்ஸுக்குள்ள ரெண்டு பேரு என்ன பேசுதாங்கன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"அதுதான் எலின்ட். பேச்சு நம்ம சோலி இல்ல. பேச்சைக் கேக்கது வேற இலாகா, அதுக்கு வேற பேரு. நாம அந்தப் பக்கம் போறதே இல்ல."

இதை நான் ஏதோ அவர் அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், சொல்லின் இலக்கணமே அதுதானாம். ராடார் மாதிரி பேச்சில்லாத அலைகளைக் கேட்டால்தான் எலின்ட். ரேடியோவில் இரண்டு பேர் பேசுவதைக் கேட்டால் அதற்குக் காமின்ட் என்று பேர். இரண்டையும் குழப்புகிறவனை அந்தத் தொழிலில் ஆளாகவே மதிக்கமாட்டார்களாம்.

பிடித்த அலைக்கு மூன்று விதமாகத்தான் பேர் வைக்கலாம். நம்மாளு, எதிராளி, தெரியாதது. இங்கிலீஷில் அன்நோன் என்று எழுதுவார்கள். நாங்கள் அதை அனாமத்து என்போம். ரேஷன் கடை வாசலில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கிற பைக்குச் சொல்வோமே, அந்த அனாமத்து. செல்வின் சாருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. "அனாமத்துன்னு எழுதுறது தப்பு இல்ல, பத்மா. அவசரப்பட்டு எதிராளின்னு பேர் வச்சேன்னா, அங்க ஒருத்தன் சாவான்" என்பார்.

அவருடைய ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனார். தொழிற்சாலை முழுக்கப் பார்த்துக்கொள்ள கௌதம் சார் வந்தார்.

கௌதம் சார் அதற்கு முன் வாஷிங் மெஷின் விற்கிற கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். நல்ல உயரம், நல்ல பேச்சு. எல்லோரையும் 'ஃபேமிலி' என்று கூப்பிடுவார். முதல் நாளே எங்களை நிற்க வைத்துக் கை தட்டச் சொன்னார். எதற்குத் தட்டினோம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "எலக்ட்ரானிக் இன்டெலிஜென்ஸ்... அதாவது மெஷினோட புத்திசாலித்தனம், ரைட்?"

"புத்திசாலித்தனம் இல்ல சார். உளவு."

அந்த நிமிஷம் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. வாஷிங் மெஷினில் இல்லாத ஒன்று இங்கே கிடைத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என்ன செய்வது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதானே சம்பளம்.

ஒரு மாதத்தில் எங்கள் தொழிற்சாலையில் 'பீப்பிள் எலின்ட்', அதாவது ஆட்களைப் பற்றிய உளவு, என்று ஒரு கூட்டம் ஆரம்பமானது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் வந்த கையோடு லைனுக்கு ஒரு மஞ்சள் டோக்கன் கொண்டுவந்திருந்தார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அந்த டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். கல்யாணமான பெண்கள், பிள்ளைத்தாச்சி, மாதவிலக்கு வந்தவள் எல்லோரும் அந்த மஞ்சள் அட்டைக்குக் காத்துக் கிடந்தார்கள். மாட்டுக்குக் கூட மணியைத்தான் கட்டுவார்கள், டோக்கன் கட்டமாட்டார்கள்.

சும்மா இருப்பார்களா? முணுமுணுப்பு கிளம்பியது. சங்கம் வைக்கலாமா என்று கூட யாரோ பேசியதாகக் காற்றுவாக்கில் வந்தது. கௌதம் சாருக்கு அது யார் என்று தெரிந்தாக வேண்டும். கேன்டீன் கூரையில் புதுக் கேமரா வந்தது. ஷிஃப்ட் பஸ்ஸின் கடைசி சீட்டில், எந்தப் பிரிவிலும் வேலை செய்யாத ஒரு ஆள் தினமும் தூங்குகிற மாதிரி உட்கார்ந்து வந்தான். தூங்குகிறவன் இருங்காட்டுக்கோட்டை தாண்டியதும் ஒரு தடவையாவது குறட்டை விட வேண்டாமா? இவன் விடவே இல்லை. இதையெல்லாம் சேர்த்து கௌதம் சார் கூட்டத்தில் 'நம்ம எலின்ட் ரொம்ப ஸ்ட்ராங்' என்றார்.

"சார், பேச்சைக் கேக்கறதுக்கு எலின்ட்னு பேர் இல்ல சார்" என்றேன்.

"பத்மா மேடம், டெஃபனிஷனை விடுங்க. ஸ்பிரிட்டைப் பாருங்க."

ஸ்பிரிட் என்றால் எனக்குத் தெரிந்தது செம்புப் பட்டையைத் துடைக்கிற ஸ்பிரிட்தான்.

இந்த நேரத்தில்தான் தேன்மொழி விவகாரம் வந்தது. தேன்மொழி எலி ரூமை ஓட்டியவள். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். கான்ட்ராக்டில் சேர்ந்தவள். கை சுத்தம், வாய் சுத்தம், வேலை சுத்தம். அந்த வருஷம் அவளை நிரந்தரம் செய்வதாக இருந்தது. அந்த நம்பிக்கையில் அவள் அம்மா காது தோட்டை அடகு வைத்துத் தம்பியைக் காலேஜில் சேர்த்திருந்தாள். எலி ரூம் கதவு அவள் பேட்ஜுக்கும் என் பேட்ஜுக்கும் மட்டும்தான் திறக்கும். நான் வெளியே மேஜையில் இருப்பேன், போய் வருவதெல்லாம் அவள்தான்.

ஒரு நாள் அவள் என்னிடம் வந்து சொன்னாள். "அக்கா, பெட்டியில ஒரு அலை வருதுக்கா. ஒரே இழுப்பா இழுத்துக்கினு கீது. கொஞ்ச நேரம் வந்துட்டுப் போயிடுது. அனாமத்துன்னு எழுதிட்டேன்."

சரியாகத்தான் செய்தாள். ஆனால் அந்த அறிக்கை என் மேஜையைத் தாண்டி கௌதம் சார் மேஜைக்குப் போனது. அனாமத்து அங்கே போனதும் எதிராளி ஆகிவிட்டது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? அலை வந்த நேரங்களை ஒரு பக்கம் போட்டார். பேட்ஜ் பதிவை இன்னொரு பக்கம் போட்டார். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. தேன்மொழி கதவைத் திறக்கிறாள், அலை வருகிறது. கதவு மூடுகிறது, அலை நிற்கிறது. ஒரு தடவை கூடத் தப்பவில்லை. அதைப் பெரிய திரையில் காட்டி, "எலின்ட் பொய் சொல்லாது. இந்தப் பொண்ணுகிட்ட ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கு" என்றார். எச்.ஆரில் ஒரு அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

கதவைத் திறக்கிற வேலையை அவளிடம் கொடுத்துவிட்டு, கதவு திறக்கும்போதெல்லாம் இவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கோயில் கதவு திறக்கும்போதெல்லாம் குருக்கள் நிற்கிறார், அவர்தான் திருடன் என்கிற மாதிரி.

அன்று மாலைக்குள் தேன்மொழியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். தலைமுடி கிளிப் முதல் செருப்பு வரை சோதனை. கான்ட்ராக்ட்காரன் அவள் வீட்டுக்கே போன் போட்டு, உங்கள் பெண் உளவு வேலையில் மாட்டிக்கொண்டாள் என்று சொல்லிவிட்டான். கிராமத்தில் அது வெளிநாட்டுக்குச் சேதி அனுப்பினாள் என்று ஆனது. இந்தப் பக்கத்துக் கான்ட்ராக்ட்காரர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழு. ஒரு இடத்தில் பேர் கெட்டால் எந்தக் கேட்டிலும் கால் வைக்க முடியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். எச்.ஆரின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அழக்கூட இல்லை, மடியில் கையை வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற ஆளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஆள் இல்லாத எலிக்கு அடுத்த வீட்டுப் பெண்ணைக் கொளுத்தப் பார்க்கிறார்.

நான் செல்வின் சார் செய்வதைச் செய்தேன். காலி ரூமை முதலில் கேட்டேன். தேன்மொழி எச்.ஆர். அறையில் இருக்கிறாள், என் பேட்ஜைப் போட்டுக் கதவைத் திறந்தேன். அலை வந்தது. மூடினேன், போய்விட்டது. மறுபடி திறந்தேன், வந்தது. ஆக, அது வந்தது அவளோடு இல்லை, கதவோடு. வெளியே எங்கேயோ எப்போதும் இருக்கிற ஒன்று, கதவு திறந்தால் உள்ளே எட்டிப் பார்க்கிறது.

பிறகு கையில் பிடிக்கிற சின்ன ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு நடைபாதையில் நடந்தேன். அலை எங்கே பலமாக இருக்கிறதோ அங்கே போவது, பலவீனமானால் திரும்புவது. செக்யூரிட்டிக்காரர் பின்னாலேயே வந்து, "இன்னா மேடம் தேடுறீங்க, மோதிரமா?" என்றார். ஆன்டெனா நேராக மேலே பார்த்து நின்றது. தலைக்கு மேல் புது விளக்கு. ஆள் நடந்தால் எரிந்து, ஆள் போனால் அணைகிற விளக்கு. விருந்தாளிகள் வரும்போது அசத்துவதற்காக கௌதம் சாரே அந்த நடைபாதை முழுக்கப் போட வைத்தது. அதற்குள் ஒரு சின்ன ராடார் இருக்கிறது. அது ஓயாமல் அலை விட்டுக்கொண்டே இருக்கும், அதில் படுகிற ஆள் அசைந்தால் விளக்கைப் போடும். சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அலை செத்துப்போனது.

பாருங்கள், எங்கள் பெட்டி எதைப் பிடிக்கப் பிறந்ததோ அதைத்தான் பிடித்திருக்கிறது. ராடாரைத்தான். எதிரியின் ராடார் இல்லை, எங்கள் கூரையில் தொங்கிய ராடார்.

கௌதம் சாரை அழைத்து வந்து காட்டினேன். முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் பெரிய இடங்களில் நடக்காது. கை தட்டினார். "ப்ரில்லியன்ட். இதை நாம கேஸ் ஸ்டடியா போடலாம்" என்றார். தேன்மொழியின் பேரைச் சொல்லி மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. பதிலுக்கு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சாட்சிக்கு நானும் போனேன்.

"நீ ரொம்ப ஷார்ப் தேன்மொழி. இந்த மாசமே பர்மனென்ட் ஆர்டர் போட்டுடலாம். ஒரு சின்ன ஹெல்ப் மட்டும் பண்ணு. லைன்ல, பஸ்ல, ஹாஸ்டல்ல, யார் என்ன பேசுறாங்கன்னு வாரத்துக்கு ஒரு தடவை என்கிட்ட சொல்லு. இதுவும் எலின்ட்தான், இல்லையா?"

அவள் அம்மாவின் தோடு அடகில் இருக்கிறது. ஊரில் உளவுக்காரி என்று பேர். ஒரு ஆம் சொன்னால் இரண்டும் தீரும். அவள் ஆம் என்று சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

தேன்மொழி ரொம்ப மரியாதையாகவே சொன்னாள். "சார், எலின்ட்ல பேச்சு கேக்கமாட்டாங்க சார். சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு சொல்லுவேன், அவ்ளோதான். யாரு இன்னா பேசறாங்கன்னு கேட்டுக்கினு வந்து சொல்றதுக்கு எங்கூர்ல வேற பேரு சார்."

"என்ன பேர்?"

"ஒட்டுக்கேக்கறது சார்."

இத்தனை மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த சொல்லை அவள் போட்டு உடைத்துவிட்டாள். இங்கிலீஷ் பேர் வைத்தால் பதவி உயர்வு கிடைக்கிறது, தமிழில் சொன்னால் கூசுகிறது. அதனால்தானே அந்த ராணுவச் சொல்லை இரவல் வாங்கி வந்து போர்த்திக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பேட்ஜ் கேட்டைத் திறக்கவில்லை. சிவப்பு விளக்குதான் எரிந்தது. "அக்கா, திறக்கலைக்கா" என்று எனக்குப் போன் பண்ணினாள். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம். நான் கௌதம் சாரிடம் போய்க் கத்தினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அது வரை அந்த அறையில் நான் குரல் உயர்த்தியதில்லை. "பாலிசி மேடம்" என்றார். ஓய்வு பெற எனக்குச் சில மாதங்களே இருந்தன என்பதை நினைவுபடுத்தினார், அக்கறையாக.

அன்றிலிருந்து லைன் அமைதியானது. கேன்டீனில் பேச்சில்லை. ஷிஃப்ட் பஸ்ஸில் பேச்சில்லை. எப்போதும் சினிமாப் பாட்டு கேட்கிற முன் சீட்டுக்காரிகள் கூடக் கண்ணை மூடிக்கொண்டார்கள். டோக்கனைப் பற்றி ஒரு முணுமுணுப்பு இல்லை. கொடுத்தால் மாட்டிக்கொண்டு போனார்கள், வந்து கழற்றி வைத்தார்கள். தூங்குகிற ஆள் நிஜமாகவே தூங்க ஆரம்பித்தான்.

கௌதம் சார் பூரித்துப் போனார். "பாத்தீங்களா மேடம், ஒரு பேட் ஆப்பிள் போனதும் எவ்வளவு பீஸ்ஃபுல். ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல."

எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. செல்வின் சாருக்குப் போன் பண்ணி நடந்ததை எல்லாம் சொன்னேன். விளக்கு விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பு, அத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. பிறகு, இப்போது எல்லோரும் கப்சிப் என்று இருக்கிறார்கள் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"திடீர்னா?"

"ஆமா சார். ஒரே நாள்ல."

"பத்மா, கடல்ல ஒரு கப்பல் எந்நேரமும் ராடார் ஓட்டிக்கிட்டு நிக்கி. திடீர்னு எல்லாத்தையும் அணைச்சிட்டுன்னு வையி. அது ஓடிப்போச்சுன்னா அர்த்தம்? தன்னை ஒருத்தன் கேக்கான்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அது வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

போனை வைத்தேன். இதைப் போய் கௌதம் சாரிடம் சொல்ல வேண்டுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். டெஃபனிஷனை விடுங்கள் என்றவர் அவர்தானே. வேலையைப் பார்க்கப் போனேன்.

கப்பல்படைக்காரர்கள் பெட்டிகளைச் சோதித்து வாங்கிப் போக வருகிற நாள் வந்தது. வாசலில் கோலம், பூ, புது டோக்கன் கூட வாங்கியிருந்தார்கள். காலை ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. பெண்கள் இறங்கினார்கள். ஆண்கள் இறங்கினார்கள். யாரும் பேட்ஜைத் தேய்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே, லாரிக்கு வழி விட்டு, ஓரமாக வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் தேன்மொழி. அவளை எந்த பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், எங்கே பேசி இதை முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அது வேற இலாகா.

கொடி இல்லை, கோஷம் இல்லை, தட்டி இல்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள்.

கௌதம் சார் ஓடி வந்தார். என்னிடம் முதலில் கேட்டார். "மேடம், இது எப்படி நமக்குத் தெரியாமப் போச்சு?"

"சத்தமே இல்லையே சார். சத்தம் இருந்தாத்தானே கேக்கும்."

அவர் கேட்டைத் தாண்டிப் போய் அவர்கள் எதிரே நின்றார். ஃபேமிலி என்றார். பதில் இல்லை. "என்ன ப்ராப்ளம்? சொன்னாத்தானே தெரியும்" என்றார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லா முகமும் அவரையே பார்த்தன, அவ்வளவுதான். தூரத்தில் ஒரகடம் ரோட்டில் கப்பல்படைக் கார் வருவதாக செக்யூரிட்டி சைகை காட்டினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் கூரையிலும் பஸ் சீட்டிலும் காதை வைத்து இவர்கள் பேச்சைத் திருடியவர், இப்போது நடு ரோட்டில் கையைக் கூப்பாத குறையாக நின்றார்.

"யாராவது பேசுங்க. ப்ளீஸ். ஏதாவது பேசுங்கம்மா."

தேன்மொழி எழுந்தாள். அவளும் பேசவில்லை. நேராகக் கேட்டுக்குப் போய் பேட்ஜை வைத்தாள். சிவப்பு. எடுத்தாள், மறுபடி வைத்தாள். சிவப்பு. அங்கேயே நின்றாள். கௌதம் சாருக்கு அது புரிவதற்கு என்ன பெரிய உளவு வேண்டும்? போனை எடுத்து, "அந்தப் பேட்ஜை ஆன் பண்ணுங்க. இல்ல, கான்ட்ராக்ட் இல்ல. பர்மனென்ட். ஆமா, இப்பவே" என்றார். அவள் மூன்றாம் தடவை வைத்தாள். பச்சை எரிந்து பீப் என்றது.

அதைக் கேட்டதும் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். டோக்கனைப் பற்றி, பஸ்ஸில் தூங்குகிறவனைப் பற்றி, கேன்டீன் கேமராவைப் பற்றி, ஒருத்தி தன் மாதவிலக்கைப் பற்றி, எல்லாம் அவர் முகத்துக்கு நேரே, தொண்டை கிழிய. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கௌதம் சார் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.